முதுகில் இருக்கும் மூட்டை

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டி வருவது பரங்கிமலை. இயேசுவின் சீடரான புனித தோமையார் உயிர்நீத்த இடம் என்று மரபு சொல்லும் குன்று. உச்சியில் இருக்கும் ஆலயம் 1523ல் போர்த்துகீசியர் கட்டியது.

தவக்காலம் வந்துவிட்டால், இங்குள்ள படிகளில் சிலுவைப்பாதை செபித்தபடி ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். சிலர் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாள்படியிட்டுக் கண்ணீர் விடுவார்கள். 'இவ்வளவு நல்ல மனிதர்கள் ஏன் தங்களைப் பாவி என்று சொல்லிக்கொள்கிறார்கள்?' என்று கேட்கத் தோன்றும். கிறிஸ்தவத்தின் அடிப்படையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கெட்டவர்கள்தான் பாவிகள் என்று நாம் நினைக்கிறோம். இயேசு சொன்ன கதை ஒன்று அதைத் தலைகீழாக்குகிறது. கோயிலுக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் வாரம் இருமுறை நோன்பிருப்பவர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகத் தருபவர். தன் நல்ல குணங்களையெல்லாம் கடவுளிடம் பட்டியல் போடுகிறார். இன்னொருவர் ஊரே வெறுக்கும் வரி வசூலிப்பவர். நிமிர்ந்து பார்க்கவும் துணியாமல், தன்மேல் இரங்கும்படி மட்டும் கெஞ்சுகிறார். கடவுளுக்கு ஏற்றவராக வீடு திரும்பியது இரண்டாமவர்தான் என்று கதை முடிகிறது.

முதல் ஆள் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால், தனக்கு ஒரு குறை இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நோய் இருப்பதே தெரியாதவர் மருத்துவரைத் தேடிப் போவதில்லையே!

தமிழில் ஒரு பயணம்

1937ல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கிறிஸ்தவச் செய்தியைப் பிற சமயத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று பெரிய விவாதமே நடந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தமிழ் மரபிலேயே அதைச் சொல்லிக் காட்டியவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறியவர் அவர். 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியம் 1894ல் வெளிவந்தது.

பனியனின் கதையில், முதுகில் பெரிய மூட்டையோடு ஒருவன் நிற்கிறான். கையில் இருக்கும் வேத புத்தகத்தைப் படிக்கப் படிக்க அந்தப் பாரம் அவனை அழுத்துகிறது. வீட்டாரோ அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். ஒழுக்கமாக வாழ்ந்தால் மூட்டை தானே இறங்கிவிடும் என்று வழியில் ஒருவர் யோசனை சொல்கிறார். அந்த வழி அவனைப் பயத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைசியில் சிலுவையின் அருகே வரும்போது மூட்டை தானாக அவிழ்ந்து உருண்டு விழுகிறது. பாவத்தை உணர்வது மனிதனின் பங்கு, இறக்கி வைப்பது இறைவனின் கருணை. கிறிஸ்தவர்கள் 'இரட்சிப்பு' என்று சொல்வது இதைத்தான்.

இறைவன்முன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது தமிழருக்குப் புதிதல்ல. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தன்னை நாய் என்றே சொல்லிக்கொள்கிறார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900ல் வெளியிட்டவர் ஜி.யு.போப் என்ற கிறிஸ்தவப் பாதிரியார்!

இருவர், இரண்டு முடிவுகள்

குற்ற உணர்வு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடுமா? இயேசுவின் சீடர்களில் யூதாஸ் அவரைக் காட்டிக் கொடுத்தான். பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தார். தவற்றை இருவருமே உணர்ந்தார்கள். யூதாஸ் விரக்தியில் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுரு மனம் கசந்து அழுதார், ஆனால் விலகி ஓடிவிடவில்லை. பின்னாளில் திருச்சபையின் தூணானார். 'நான் பாவி' என்ற உணர்வோடு, 'எனக்கும் மன்னிப்பு உண்டு' என்ற நம்பிக்கையும் சேர வேண்டும். நம்பிக்கை இல்லாத குற்ற உணர்வு ஆளையே விழுங்கிவிடும்.

அதனால்தான் சபைகள் எதுவும் இந்த உணர்வை ஒருவர் தனியாகச் சுமக்க விடுவதில்லை. கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சபையார் எல்லாரும் ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தே கூட்டங்களில் ஒருவர் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்.

சொன்னதோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. சகேயு என்ற வரி வசூலிப்பவர் இயேசுவைச் சந்தித்ததும், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னார்.

நம் வீடுகளில் தினமும் கேட்கும் வார்த்தைகளை யோசித்துப் பாருங்கள். 'நான் மட்டுமா செஞ்சேன்?', 'அவதான் ஆரம்பிச்சா', 'சூழ்நிலை அப்படி'. தங்கைக்குச் சேர வேண்டிய பங்கைத் தராதவரும், வயதான அப்பாவிடம் எரிந்து விழுந்தவரும் இந்த மூன்று வார்த்தைகளுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். அதே இடத்தில், 'நான் செஞ்சது தப்பு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் வீட்டின் காற்றே மாறிவிடும்.

எந்த மதத்தவராக இருந்தாலும், இன்றிரவு தூங்கப் போகும் முன், யாரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள். அந்த எண் உங்கள் போனிலேயே இருக்கும்.