பாவையும் மகளும்

சங்க அகப்பாடல்களில் பந்து, பாவை, கழங்கு, சிறுதேர் முதலிய விளையாட்டுப் பொருள்கள் பலவிடத்தும் வருகின்றன. இவற்றைப் பண்டைத் தமிழர் விளையாட்டிற்குச் சான்றாகத் தொகுத்தல் வழக்கம். அத்தொகுப்பு வேண்டுவதே. ஆயினும், அப்பொருள்கள் பாட்டினுள் எவ்வுணர்வைத் தாங்கி நிற்கின்றன என்னும் வினாவிற்கு அது விடையாகாது. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குறுந்தொகை 61ஆம் பாட்டில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்லாவிடினும் அதனைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைத் தோழி உவமை கூறுகின்றாள். தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவனது நட்பை எண்ணி இன்புறும் நிலைக்கு அது உவமை. பொருளின் மதிப்பு அதன் பயனில் இல்லை, அதன்மேல் வைத்த அன்பிலேயே உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

அந்நூலின் 114ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. நெய்தற் பரப்பில் பாவையைக் கிடத்திவிட்டுக் குறியிடம் வந்தவள், விரைந்து விடை தருமாறு தலைவனை வேண்டுகின்றாள். ஆரல்மீன் உண்ட நாரை பாவையின் நெற்றியை மிதித்துவிடும் என்பது அவள் அச்சம். அப்பாவையை அவள் தன் மகள் என்றே சொல்லுகின்றாள்.

ஐங்குறுநூற்றுப் பாலையில் இவ்வுறவு தலைகீழாகின்றது. பாலை பாடிய ஓதலாந்தையார், மகளைப் பிரிந்த தாயின் இரக்கத்தை ஒரு பத்தாகப் பாடியுள்ளார். அதன்கண் 375ஆம் பாட்டில், மகள் விட்டுச்சென்ற பாவையையும் கிளியையும் பூவையையும் கண்டு தாய் கலங்குகின்றாள். பாவை என்ற ஒரே சொல்லால் மகளையும் மகள் ஆடிய பொருளையும் அவள் சுட்டுகின்றாள். இளையவள் வாயில் பாவை மகளாயிற்று. தாயின் வாயில் மகள் பாவையாயினாள்.

இங்கு உளவியலார் கருத்தொன்றை ஒப்பிடுதல் பொருந்தும். ஆங்கிலக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான விண்ணிகாட், 1951இல் படித்து 1953இல் வெளியிட்ட கட்டுரையில், குழவி பற்றிக்கொண்டு உறங்கும் துணித்துண்டு, கம்பளி, மென்பொம்மை ஆகியவற்றை ஆராய்ந்தார். தாயினின்று தான் வேறு என்று உணரத் தொடங்கும் குழவிக்கு அப்பொருள் இடைநின்று ஆறுதல் அளிக்கின்றது. அழுக்கேறினும் தாய் அதனைத் துவைக்கத் தயங்குவாள். துவைப்பின் குழவிக்கு அதன் பொருளே கெடலாம். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தை அதனை மறப்பதுமில்லை, அதற்காகத் துயர்வதுமில்லை. அதன் பொருள் மெல்லத் தேய்ந்துவிடும் என்பது அவர் முடிபு.

சங்கப் பாவை குழவிப் பருவத்துத் துணியன்று. சற்றே வளர்ந்த சிறுமியின் ஆடற்பொருள். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எனினும், பிரிவின் இடையே நிற்கும் பொருள் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. குழந்தையின் வளர்ச்சியையே நோக்கிய விண்ணிகாட்டின் ஆய்வு, பொருளின் கதையை அதனோடு முடிக்கின்றது. ஓதலாந்தையாரோ அதற்கப்பால் நிகழ்வதைக் காட்டுகின்றார். 377ஆம் பாட்டில், பந்தும் பாவையும் கழங்கும் தமக்கென விடப்பட்டன என்று தாய் புலம்புகின்றாள். மகளுக்குப் பொருள் தேய்ந்தவை தாய்க்குப் பொருள் நிறைந்தவையாகின்றன. முன்னர் மகளுக்குத் துணையாயிருந்த பாவை, இப்பொழுது மகளின்றி வாழக் கற்கும் தாயின் கையில் உள்ளது.

ஆதலின், இப்பாடல்களிற் பாவையை விளையாட்டுக் கருவி என்று மட்டும் குறித்து மேற்செல்லுதல் போதாது. அது பிரிவின் சுமைதாங்கி எனக் கொள்ளுதலே பாட்டின் உணர்விற்கு ஏற்புடைத்து என்பது எம் துணிபு.