காடும் குடியும் – 11: பெத்தேனின் மரவெட்டிகள்

நம் கொல்லைகளில் நிற்கும் சப்போட்டா மரத்தின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நாம் அதைப் பழத்துக்காக வளர்க்கிறோம். காயைப் பறிக்கும்போது காம்பில் கசியும் பால் விரலில் ஒட்டிக்கொண்டால் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். குவாதமாலாவின் வடகோடியில், நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்காக விரிந்து கிடக்கும் பெத்தேன் மாகாணத்தில், அந்தப் பாலை நம்பியே ஊர்கள் எழுந்தன. 1870களில் நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் அதைச் சூயிங்கமாக்கி விற்கத் தொடங்கினார். அமெரிக்காவே மெல்லப் பழகியது. பெத்தேன் காட்டுக்குள் ஆட்கள் போனார்கள்.

இடுப்பில் கயிறு கட்டி மரமேறி, வெட்டுக்கத்தியால் பட்டையைக் கோணல்மாணலாகக் கீறிக்கொண்டே போவார்கள். கீறல் வழியே இறங்கும் பால் அடியில் கட்டிய பையில் சேரும். மழைக்காலத்து வேலை இது. ஒருமுறை பால் எடுத்த மரத்தைச் சில ஆண்டுகள் ஆறவிட வேண்டும். ஆசைப்பட்டு மறுபடி கீறினால் மரம் பட்டுப்போகும். இந்தத் தொழிலாளிகளுக்குச் சிக்லேரோக்கள் என்று பெயர். அவர்கள் முகாம் போட்ட இடங்களே கார்மெலிட்டா, வாஷாக்துன் என்று ஊர்களாக நிலைத்தன. செயற்கைப் பசை வந்து சந்தை சுருங்கிய பிறகும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். காட்டில் விற்க வேறு சரக்கும் இருந்தது.

1990இல் அரசு இந்த வட்டாரத்தை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஏறத்தாழ 21 லட்சம் ஹெக்டேர். திக்கல், லகூனா தெல் திக்ரே போன்ற தேசியப் பூங்காக்கள் அடங்கிய மையப் பகுதியில் மரம் வெட்டவோ புதிதாகக் குடியேறவோ தடை. தெற்கு விளிம்பில் பண்ணைகளுக்கு இடம். இரண்டுக்கும் நடுவே எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்த ‘பல்பயன் பகுதி’. அங்கே தலைமுறைகளாகப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அறிவிப்பில் தெளிவான பதில் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. மரக் கம்பெனிகள் நுழைந்தால் மகோகனி மட்டுமல்ல, தங்கள் பிழைப்பும் போகும் என்பதை மக்கள் அறிந்திருந்தார்கள்.

36 ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நிலமும் காடும் யாருக்கு என்பது சமாதானப் பேச்சுகளின் மையக் கேள்விகளில் ஒன்று. 1994இல் முதல் சமூக வனக் குத்தகை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து அகோஃபோப் என்ற கூட்டமைப்பை அமைத்தன. 1997இல் கார்மெலிட்டாவுக்கு 53 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல், 2000இல் வாஷாக்துனுக்கு 83 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் கிடைத்தது. நிலம் அரசுடையது, 25 ஆண்டுகளுக்கு அதை ஆளும் பொறுப்பும் வருமானமும் ஊருடையது. ஒரு நிபந்தனை: மூன்று ஆண்டுகளுக்குள் சர்வதேச வனச் சான்று பெற வேண்டும், தொடர்ந்து தக்கவைக்க வேண்டும்.

மரம் வெட்டுவதற்குத்தான் அனுமதி. காடு காப்பதைப் பற்றிய இந்தத் தொடரில் இதை எழுதும்போது சிலருக்கு நெருடும் என்று தெரியும். எப்படி வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம். குத்தகைக் காட்டைக் கூப்பு எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு கூப்பு என்றால், அதே இடத்துக்குக் கோடரி திரும்பி வர 25 முதல் 40 ஆண்டுகள் ஆகும். வெட்டும் முன் கூப்பில் உள்ள பெரிய மரம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறிக்கிறார்கள். குறிப்பிட்ட சுற்றளவு வராதவை நிற்கும். நல்ல விதை கொடுக்கும் தாய்மரங்களும் நிற்கும். கடைசியில் ஒரு ஹெக்டேருக்கு ஓரிரு மரங்களே சாய்கின்றன, முக்கியமாக மகோகனியும் செத்ரோ என்ற மரமும். 2003இல் பல சங்கங்கள் கூடி ஃபோரஸ்காம் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கின. மரத்தை அறுத்து, மதிப்புக் கூட்டி, தாங்களே விற்பதற்காக.

மரத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது ஷாத்தே என்ற குட்டிப் பனையின் கதை. பெருமரங்களின் நிழலில்தான் அது வளரும். நிழல் போனால் ஷாத்தேவும் போகும். அதன் ஓலை பூங்கொத்துகளில் வைக்கவும் குருத்தோலை ஞாயிறு வழிபாட்டுக்கும் வெளிநாடு போகிறது. முன்பு கட்டுக் கணக்கில் கூலி. அதனால் நல்லது கெட்டது பாராமல் வெட்டிக் குவித்தார்கள். பெரும்பகுதி குப்பைக்குப் போனது. தரத்துக்கு விலை என்று மாறியதும் தேறும் ஓலை மட்டும் வெட்டுப்படுகிறது, செடி பிழைக்கிறது. தரம் பிரிக்கும் கொட்டகைகளில் பெரும்பாலும் பெண்கள். சம்பளம் அவர்கள் கையிலேயே சேர்கிறது.

பலன் என்ன? சமூகங்கள் நிலைத்து நின்று நடத்தும் குத்தகைக் காடுகளில் காடழிப்பு ஏறக்குறைய இல்லை என்ற அளவில் இருக்கிறது. சட்டப்படி யாரும் கைவைக்கக் கூடாத லகூனா தெல் திக்ரேயிலோ காட்டில் கால்பங்குக்கும் மேல் அழிந்து மாட்டுப் பண்ணையாகிவிட்டது. எண்ணெய்க் கிணற்றுக்காகப் போட்ட சாலை வழியே குடியேற்றம் புகுந்தது. பின்னாலேயே போதைக் கடத்தல்காரர்களின் பணம் மேய்ச்சல் நிலமாக மாறி வந்தது. அங்கே தடை இருந்தது, விடியற்காலையில் எழுந்து ரோந்து போக ஆள் இல்லை. குத்தகை ஊர்களில் வறண்ட மாதங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் எல்லை சுற்றுவதும் ஊர் வேலை. மர வருமானத்திலிருந்தே அதற்குச் செலவிடுகிறார்கள். காடு எரிந்தால் அடுத்த ஆண்டு கூப்பு இல்லை, ஷாத்தே இல்லை, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு இல்லை.

விலங்குகளின் நிலை? குவாதமாலாவிலும் பெருவிலும் முறையாக நடக்கும் மரக் குத்தகைக் காடுகளில் கேமரா வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஜாகுவாரும் பிற பெரிய பாலூட்டிகளும் அங்கே நல்ல எண்ணிக்கையில் நடமாடுகின்றன என்றது அது. இந்தக் காப்பகத்தில் கூடு கட்டும் சிவப்புப் பஞ்சவர்ணக் கிளிகளுக்கும் பொந்துள்ள முதுமரங்கள் வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் அவை கிடைக்காது.

எல்லா ஊரும் ஜெயிக்கவில்லை. 12 சமூகக் குத்தகைகள் தரப்பட்டன. அவற்றில் 3 முறிந்துபோயின, முதல் குத்தகையான சான் மிகேல் உட்பட. விவசாயத்துக்காகப் புதிதாகக் குடியேறியவர்கள் மிகுந்த இடங்கள் அவை. குறைவாகக் கிடைத்த மரமும் சிறுபரப்பும் பல குடும்பங்களைத் தாங்கவில்லை; பண்ணைக்காரர் பணத்தோடு வந்தபோது நிலம் சட்டவிரோதமாகக் கைமாறியது. பால் வடித்தும் ஓலை வெட்டியும் பழகிய ஊர்கள் தாக்குப்பிடித்தன. ஆகவே யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்தால் காடு தானே பிழைத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டுத் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும், தொடக்க ஆண்டுகளில் கணக்கு வழக்குக்கும் சந்தைக்கும் துணை வேண்டும். பெத்தேனில் அந்தத் துணைக்கு வெளிநாட்டு உதவி பெருமளவு கிடைத்தது.

இன்னொன்றும் வேண்டும்: காலம். 2019இல் கார்மெலிட்டாவின் ஒப்பந்தம் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளை அந்த மக்கள் நிம்மதியின்றிக் கழித்தார்கள். புதுப்பிக்காவிட்டால் நட்டதெல்லாம் யாருக்கு? கூப்புச் சுற்று 40 ஆண்டு வரை நீளும் காட்டுக்கு ஒப்பந்தம் 25 ஆண்டு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்று சிறிசாக இருப்பதால் விட்டுவைக்கும் மகோகனியை வெட்டப்போவது விட்டுவைத்தவரின் பேரப்பிள்ளைகள். அவர்கள் பெயருக்கும் அந்த ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும்.