ஒரு சீழ்க்கட்டியும் பன்னிரண்டு நாட்களும்

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு ஒரு புது ஊசி போட்டார்கள். சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகிப்போன பையன். எடை 30 கிலோவைக்கூடத் தொடவில்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறச் சாறுதான் மருந்து. ரத்தச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஊசி குத்திய இடத்தில் சீழ் கட்டியது. டாக்டர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. அமெரிக்க டாக்டர் ஃபிரெடெரிக் ஆலன் வகுத்த பத்திய முறையில், குழந்தைகளின் சாப்பாட்டைக் கிராம் கணக்கில் அளந்து குறைத்தார்கள். மரணம் சற்றுத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்பது முன்பே தெரிந்த விஷயம். 1869-ல் பெர்லின் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்துக்குள் தீவுத் தீவாகக் கிடந்த செல்களைக் கண்டார்; அவற்றின் வேலை அவருக்குப் புலப்படவில்லை. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆய்வாளர்கள் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. அப்படியானால் கணையத்தில்தான் மருந்து உண்டு என்று ஊகித்து, பலரும் கணையச் சாறு எடுத்துப் பார்த்தார்கள். ருமேனியாவின் பாலெஸ்கு, தன் சாறு நாய்களின் சர்க்கரையைக் குறைத்ததாக 1921-லேயே எழுதினார். ஆனால் மனிதருக்குப் போடும் அளவுக்குச் சுத்தமான சாறு யாருக்கும் கைகூடவில்லை.

கனடாவின் இளம் சர்ஜன் ஃபிரெடெரிக் பான்டிங்குக்கு 1920 அக்டோபரில் ஒரு யோசனை வந்தது. செரிமானச் சாறுதான் மருந்தை அழிக்கிறது; கணையக் குழாயைக் கட்டிவிட்டால் அந்தச் சாற்றைச் சுரக்கும் செல்கள் சில வாரங்களில் சுருங்கிவிடும்; மிஞ்சியதிலிருந்து மருந்தை எடுக்கலாம். டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்ளவுட் ஆய்வுக்கூடமும் நாய்களும் தந்தார்; மாணவர் சார்லஸ் பெஸ்ட் கூடச் சேர்ந்தார். நாய்களுக்குச் சர்க்கரை இறங்கியது. ஆனால் குழாயைக் கட்டவே தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. கசாப்புக்கூடத்து மாட்டுக் கணையத்தை ஆல்கஹாலில் ஊறவைத்தாலே போதும். சிக்கல் சாற்றில் கலந்திருந்த அழுக்கில் இருந்தது.

அதைத் தீர்த்தவர் 1921 டிசம்பரில் குழுவில் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் கோலிப். ஆல்கஹாலின் அடர்த்தியைப் படிப்படியாக ஏற்றினார். எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல வேண்டாத புரதங்கள் திரிந்து அடியில் படிந்தன, வடிகட்டினார். அடர்த்தி 90 சதவீதத்தைத் தாண்டியதும் மருந்தே பொடியாகப் பிரிந்து வந்தது. ஒவ்வொரு தயாரிப்பின் வீரியத்தையும் முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்.

ஜனவரி 23 அன்று தாம்ப்சனுக்கு மறுபடி ஊசி. 520 இருந்த ரத்தச் சர்க்கரை 120-க்கு வந்தது. இம்முறை சீழ் கட்டவில்லை. அவர் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1923 நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்ளவுடுக்கும் போனது. பான்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்ளவுட் கோலிப்புக்குக் கொடுத்தார். இன்சுலின் என்று பெயர் பெற்ற அந்த மருந்தின் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

சுத்தப்படுத்தும் வேலை அதோடு ஓயவில்லை. விலங்கு இன்சுலின் சிலருக்கு ஒவ்வாமை தந்தது. 1978-ல் பாக்டீரியாவைக் கொண்டே மனித இன்சுலினை உருவாக்கினார்கள்; 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. பள்ளிப் பாடங்களில் பான்டிங், பெஸ்ட் பெயர்கள்தான் நிற்கின்றன. கணையத்தில் மருந்து உண்டு என்ற ஊகத்துக்கும் தாம்ப்சனுக்குப் பலித்த ஊசிக்கும் நடுவே 33 ஆண்டுகள் ஓடின. கடைசிப் படியைக் கடக்க வைத்தது கோலிப்பின் வடிகட்டல்தான்.