வெள்ளை நகரமும் இல்லாத சாம்ராஜ்யமும்

சிகாகோ என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர்களாகிய நமக்குத் தலைப்பாகையும் கட்டிய கைகளுமாக விவேகானந்தரின் திருவுருவம் மனக்கண் முன் வந்து நிற்கிறதேயன்றி, அவர் அங்கே போன சமயத்தில் அந்நகரத்தின் தென்பகுதியில், மிஷிகன் ஏரிக்கரையில், ஒரு மாயாபுரி எழும்பி நின்றதும், மறு வருஷமே அது இருந்த இடம் தெரியாமல் போனதும் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. சென்னையில் அலசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் வீடுவீடாகச் சென்று திரட்டிக் கொடுத்த பணத்தோடு கப்பலேறிய சுவாமிகள், 1893 ஜூலைக் கடைசியில் சிகாகோவை அடைந்தார். சர்வமத மகாசபை கூடுவதற்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. ஏறக்குறைய பன்னிரண்டு தினங்கள் அவ்வூரில் தங்கி, அநேகமாக நாள்தோறும் அந்த மாயாபுரியைப் போய்ச் சுற்றிப் பார்த்ததாக அலசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெரிவித்திருக்கிறார்.

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாவது ஆண்டைக் கொண்டாடுவதற்காக ஏற்பட்ட உலகக் கண்காட்சி அது. 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், பெரிதும் சிறிதுமாக ஏறத்தாழ 200 கட்டடங்கள், நடுவே பெரிய தடாகம், அதில் 65 அடி உயரத்தில் பொன் பூசிய பெண்ணுருவம், தடாகத்தைச் சுற்றி ரோமாபுரியையும் கிரேக்கத்தையும் நினைவூட்டும் தூண் வரிசைகள், விமானங்கள், வளைவுகள் என்று எல்லாம் ஒரே வெண்மையாக நின்றபடியால் அதற்கு ‘வெள்ளை நகரம்’ என்றே பெயர் வழங்கிற்று. அங்கிருந்த உற்பத்திப் பொருள் மண்டபத்தின் நீளம் 1,687 அடி, அகலம் 787 அடி; அக்காலத்து உலகத்தில் அதைவிடப் பெரிய கட்டடம் இல்லை. ஆறு மாத காலத்தில் 2 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான வருகைகள் பதிவாயின.

இந்த வெள்ளை நகரத்தைப் பற்றி இப்பொழுது ஒரு விசித்திரமான சித்தாந்தம் உலகமெங்கும் உலவி வருகிறது. இதை யாரும் 1893இல் கட்டவில்லை என்பதும், முன்னொரு காலத்தில் பூமி முழுவதையும் ஆண்ட ‘டார்ட்டரி’ என்னும் மகா சாம்ராஜ்யத்தின் நகரமாகவே இது நின்றிருந்தது என்பதும், சேற்றுப் பிரளயம் ஒன்றினால் அந்தச் சாம்ராஜ்யம் புதையுண்ட பின் எஞ்சிய மாளிகைகளைக் கண்டெடுத்தவர்கள் கண்காட்சி என்று சொல்லி ஜனங்களுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, சாட்சியம் இல்லாமற் போகும்படி இடித்தும் எரித்தும் ஒழித்துவிட்டார்கள் என்பதும் இச்சித்தாந்தத்தின் சாரம். ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கோயில்களும், ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1915இல் நடந்த கண்காட்சியின் மண்டபங்களும், ஐரோப்பாவின் பழைய ரயில் நிலையங்களுங்கூட இந்தக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. கூரிய கோபுரங்கள் ஆகாயத்திலிருந்து மின்சாரத்தை இறக்கித் தந்தன என்றும், ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு உயர்ந்த கதவுகள் அங்கே ராட்சதர்கள் வசித்தமைக்குப் பிரமாணம் என்றும் கிளைக்கதைகள் பல உண்டு. கதவின் உயரத்தைக் கொண்டு மனிதனின் உயரத்தை அநுமானிப்பதானால், நம்முடைய ராஜகோபுர வாயில்களைக் காணும் அந்நியன் நம் பாட்டனார்களைப் பற்றி என்ன நினைப்பானோ!

டார்ட்டரி என்ற பெயர் மட்டும் பொய்யன்று. 1570இல் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட பிரசித்தமான தேசப்படத் தொகுதியில் அப்பெயரோடு ஒரு படமே இருக்கிறது. அதற்கு இருநூறு வருஷங்களுக்குப் பின் வெளிவந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் முதற் பதிப்பும் ஆசியாவின் வடபாகத்தை அப்பெயரால் குறிக்கிறது. ஆனால் அது காஸ்பியன் கடல் முதல் பசிபிக் சமுத்திரம் வரையில் ஐரோப்பியர் நேரில் அறியாத நாடுகள் அனைத்தையும், அங்கே வாழ்ந்த மங்கோலியர், துருக்கியர், மஞ்சூரியர் முதலிய எண்ணற்ற ஜாதியாரையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டையின் பெயரேயன்றி, ஒரு ராஜாவும் ஒரு கொடியும் உள்ள ராஜ்யத்தின் பெயரன்று. அந்தப் பிரதேசங்களுக்குள் ருஷ்யரும் பிறரும் போய் அளந்து, இன்னது சைபீரியா, இன்னது மஞ்சூரியா, இன்னது துருக்கிஸ்தானம் என்று தனித்தனியே பெயர் எழுதத் தொடங்கியவுடன் மூட்டை அவிழ்ந்துவிட்டது. படத்திலிருந்து மறைந்த பெயரை, உலகத்திலிருந்து மறைக்கப்பட்ட தேசமாகப் பாவித்து இக்காலத்தார் புலம்புகிறார்கள். ருஷ்யாவிலேதான் இந்த எண்ணம் முதலில் முளைத்தது. சரித்திர காலக்கணக்கு முழுவதும் தப்பு என்று புத்தகம் புத்தகமாக எழுதிய ஃபோமென்கோ என்னும் கணிதப் பேராசிரியருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இனி, வெள்ளை நகரத்தை இரண்டே ஆண்டுகளில் எப்படிக் கட்ட முடியும் என்பதுதான் இவர்கள் எழுப்பும் கேள்விகளுள் தலையாயது. கேள்வி நியாயமானது, பதிலோ மிகவும் சாதாரணமானது. அது கல்லால் கட்டப்படவில்லை. விநாயகர் சதுர்த்திக்கு வரிசை வரிசையாக வைத்து விற்கிறார்களே, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார், அவரும் வெள்ளை நகரத்து விமானங்களும் ஒரே வம்சம். பிளாஸ்டரோடு கொஞ்சம் சிமென்டையும் சணல் நாரையும் கலந்து அச்சில் வார்த்தெடுத்த அந்தச் சரக்குக்கு ‘ஸ்டாஃப்’ என்று பெயர். முன்பே பாரிஸ் கண்காட்சிகளில் கையாண்டு பழகிய வஸ்து. உள்ளே மரச்சட்டமும் இரும்பு வளைவும் நிற்க, வெளியே தூண்களும் சிங்கங்களும் தேவதைகளும் அச்சிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து ஆணியடித்துப் பொருத்தப்பட்டன. தச்சனுக்கு மரம் அறுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதை அறுக்கலாம், துளைக்கலாம், வளைக்கலாம். கோடம்பாக்கத்தில் அரண்மனை ஸெட் போட்டவர்களிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வர்ணம் பூச நேரம் போதாமையால், அழுத்திய காற்றைக் கொண்டு குழாய் வழியே வெள்ளையைப் பீய்ச்சியடிக்கும் முறையை அங்கே பெரிய அளவில் கையாண்டார்கள்.

நிர்மாணத்துக்குத் தலைமை வகித்தவர் டேனியல் பர்னம். அவருடைய கூட்டாளியும், அவரினும் மேலான சிற்ப மேதை என்று பலர் எண்ணியவருமான ஜான் ரூட், வேலை தொடங்கும் தறுவாயில், 1891 ஜனவரியில், சுவாசகோசத்தில் ஜன்னி கண்டு காலமானார். ஜாக்ஸன் பூங்கா என்று இன்று அழகாகச் சொல்லப்படும் இடம் அன்று மணல்மேடும் சதுப்பும் குத்துச்செடிகளுமாகக் கிடந்தது. பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்னும் தோட்டக்கலை வல்லுநர் அந்தச் சேற்றை வாரி மேட்டில் போட்டுத் தடாகங்களை உண்டாக்கினார். ஆக, சேற்றுக்கும் வெள்ளை நகரத்துக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை, பிரளயந்தான் இல்லை. சார்லஸ் டட்லி ஆர்னால்ட் என்ற புகைப்படக்காரரை நியமித்து, சதுப்பு நிலத்திலிருந்து கொடியேற்று விழா வரையில் கட்டம் கட்டமாகப் படம் பிடிக்கச் செய்திருந்தார்கள். எலும்புக்கூடுபோல் நிற்கும் இரும்பு வளைவுகளையும், பாதி தோல் போர்த்த சுவர்களையும் அப்படங்களில் இன்றும் காணலாம். அங்கே கூலிக்கு வேலை செய்த தச்சர்களில் ஒருவர் எலியாஸ் டிஸ்னி. பின்னாளில் சினிமாவாலும் பொம்மைக் கோட்டையாலும் உலகப் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னியின் தகப்பனார். மின்சாரமோ ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. எண்ணெய் எரித்துக் கொதிக்க வைத்த கொதிகலன்களும், அவற்றால் சுழன்ற டைனமோக்களும் யந்திர மண்டபத்தில், வந்தவர்கள் வேடிக்கை பார்க்கும்படியாகவே, இரைந்துகொண்டிருந்தன.

சேற்றுப் பிரளயக்காரர் பெரிதும் நம்புவது புதைந்த ஜன்னல்களை. பழைய நகரங்களில் சில கட்டடங்களின் கீழ்த்தள ஜன்னல்கள் பாதி தரைக்குள் இருக்கின்றன. மண் வந்து மூடாமல் இவை எப்படி இப்படியாகும் என்கிறார்கள். சென்னைவாசி யாரிடமாவது இதைக் கேட்டால், அவர் பிரளயத்தைத் தேட மாட்டார். தம் தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திய சாலையைக் காட்டி, மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்பொழுது மூன்று படி இறங்கி நுழைவதைச் சொல்லி, மழைக்காலத்தில் கூடத்தில் நின்ற தண்ணீரின் விருத்தாந்தத்தையும் சேர்த்துச் சொல்லுவார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் நம்மிடையே செழித்திருப்பதும் அதனால்தான்.

சிகாகோவில் நடந்தது இதுவே, ஆனால் ஊர் முழுவதற்கும் சேர்த்து. ஏரியின் நீர்மட்டத்தைவிடச் சில அடிகளே உயர்ந்திருந்த அந்நகரத்தில் சாக்கடை ஓட வழியில்லை. 1854இல் வாந்திபேதி வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் செஸ்பரோ என்னும் பொறியாளர், பூமிக்கடியில் குழாயைப் புதைப்பதற்குப் பதிலாகத் தெருவின் மேலேயே குழாயைப் போட்டு, அதை மூடும்படியாகத் தெருவை உயர்த்திவிடலாம் என்று யோசனை சொன்னார். தெரு உயர்ந்தால் கடைகளும் வீடுகளும் பள்ளத்தில் நிற்குமே? அவற்றையும் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவின் ஒரு பக்கத்தில் 320 அடி நீளத்துக்குத் தொடர்ந்திருந்த செங்கல் கட்டட வரிசையை, 6,000 திருகு ஜாக்கிகளை அடியில் கொடுத்து, 600 ஆட்கள் ஒரே சமயத்தில் திருகி, ஐந்தே நாட்களில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. இவ்வேலையில் பெயரெடுத்தவர்களுள் ஒருவர்தான் பிற்பாடு படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளால் கோடீசுவரரான ஜார்ஜ் புல்மன். தூக்க வசதியில்லாத கட்டடங்களின் கீழ்த்தளம் மட்டும் நிலவறையாயிற்று. இல்லாத சாம்ராஜ்யத்தைவிட, 600 பேர் ஒரே மூச்சில் ஜாக்கி திருகும் காட்சியல்லவா அதிசயம்! ஆனால் வேலை நடந்த கதையைக் கேட்பதைவிட மாயம் நடந்த கதையைக் கேட்பதில்தான் மனத்துக்கு ருசி. ஒரே இரவில் பூதங்கள் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன.

பிளாஸ்டர் என்று சொல்லித் தப்ப முடியாத இடமும் ஒன்று உண்டு. ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும் அலெக்ஸாண்டர் தூண் ஒரே கருங்கல்; 25 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 600 டன் எடை. நீராவிப் பாரந்தூக்கி இல்லாத 1832இல் அதை யார் நிமிர்த்தினார்கள் என்று கேட்கிறார்கள். பின்லாந்து வளைகுடாக் கரையிலுள்ள சுரங்கத்தில் பாறையை வெட்டி, தனியே செய்த மரக்கலத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, பெரிய மரச்சாரமும் கப்பிகளும் கயிறு சுற்றும் உருளைகளும் அமைத்து, 1,700க்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சேர்ந்து இழுக்கச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் அதை நிறுத்தியவர் மான்பெரான் என்னும் பிரெஞ்சுச் சிற்பி. அதோடு நில்லாமல், சாரத்தின் அளவு, கப்பியின் அமைப்பு எல்லாவற்றையும் படங்களாக வரைந்து 1836இல் பாரிஸில் பெரிய புத்தகமாகவும் அச்சிட்டுவிட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும், இச்சித்தாந்தத்தை நம்புகிறவர்களைப் பரிகசித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பழைய மாளிகையைப் பார்த்து, பக்கத்திலே கண்ணாடிப் பெட்டியாக நிற்கும் புதிய அலுவலகத்தையும் பார்த்து, இவற்றைச் செய்தவர்கள் ஒரே மனித ஜாதியாக இருக்க முடியுமா என்று ஏங்குகிற ஏக்கத்தில் உண்மை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளை நகரத்தை அன்றைக்கே பொய் என்று வெறுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். லூயி ஸல்லிவன், தம் பங்குக்குப் போக்குவரத்து மண்டபத்தைப் பல வர்ணத்தில் பொன் வாயிலோடு கட்டியவர்; மற்ற மண்டபங்களெல்லாம் ரோமாபுரியின் முகமூடியை அணிந்துகொண்டு நிற்பதைக் கண்டு மனம் கசந்து, இதனால் அமெரிக்கச் சிற்பத்துக்கு விளைந்த கேடு அரை நூற்றாண்டுக்குத் தீராது என்று தம் முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். கண்ணெதிரே அது எழும்பியதைக் கண்டு அதைப் பழமையின் போலி என்று ஸல்லிவன் சொன்னார். காணாதவர்கள் அதையே பழமை என்கிறார்கள்.

கண்காட்சி முடிந்ததும் நடந்ததில் மர்மம் ஏதுமில்லை. 1894 ஜனவரியில் ஏரிக்கரைத் தூண் வரிசை எரிந்தது. அவ்வருஷம் ஜூலையில், அதே புல்மனுடைய தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரத்தைக் கலக்கிக்கொண்டிருந்த நாட்களில், தடாகத்தைச் சுற்றியிருந்த பெரிய மண்டபங்களையும் நெருப்பு கொண்டுபோயிற்று. காய்ந்த மரமும் சணலும் அடங்கிய கட்டடம் வேறெப்படி முடியும்? நார்வே தேசத்தார் அனுப்பிய மரவீடு ஒன்று ஊர் ஊராக அலைந்து, கடைசியில் தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டது.

சிகாகோவில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, விவேகானந்தர் செப்டம்பர் 11ஆம் தேதி பேசிய கட்டடம்; அது வெள்ளை நகரத்தைச் சேர்ந்ததே அல்ல. அது பல மைல் வடக்கே, மிஷிகன் அவென்யூவில், கண்காட்சிக்குப் பின் கலைக்கூடமாகப் பயன்பட வேண்டும் என்று முதலிலேயே கல்லால் கட்டியது. இன்றும் நிற்கிறது. மற்றொன்று கண்காட்சிக்குள் இருந்த நுண்கலை மாளிகை. விலையுயர்ந்த ஓவியங்களை இரவல் கொடுக்க வந்தவர்கள் நெருப்புக்குப் பயந்தபடியால், அதன் உட்சுவர்களை மட்டும் செங்கல்லால் எழுப்பி, மேலே வழக்கம்போல் ஸ்டாஃப் போர்த்தியிருந்தார்கள். அது நின்றது. ஆனால் மழையிலும் பனியிலும் போர்வை ஊறி, தேவதைகளின் மூக்கும் விரலும் உதிர்ந்து, தூண்களில் செங்கல் தெரியத் தொடங்கிற்று; முப்பது வருஷங்களுக்குள் பார்க்கச் சகியாத பாழாகிவிட்டது. அதன்பின் ஜூலியஸ் ரோஸன்வால்ட் என்னும் வியாபாரப் பிரபு பெருந்தொகை அளிக்க, பிளாஸ்டர் முழுவதையும் உரித்துவிட்டு, அதே உருவத்தைச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிப் பொருத்தி, 1933இல் விஞ்ஞானக் காட்சிசாலையாகத் திறந்தார்கள். டார்ட்டரியின் சாட்சி என்று இப்பொழுது பலர் படமெடுத்துக் காட்டுவது அந்தக் கல்லைத்தான்.