இயந்திரம் நுழையாத இடம்

ஸ்ரீநகரின் பழைய நகரத்தில் உளிச் சத்தத்துக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. வடிவத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும், வால்நட் பலகையில் சினார் இலையும் தாமரையும் சில மணி நேரத்தில் தயார். நக்காஷ் எனப்படும் செதுக்குக் கலைஞருக்கு அதே வேலைக்குப் பல நாட்கள் பிடிக்கும். விலையில் அவர் தோற்பதில் வியப்பில்லை.

மரம் கிடைப்பதும் லேசல்ல. வால்நட் மரத்தை வெட்ட அனுமதி தேவை என்கிறது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். வெட்டிய பலகை நிழலில் வருடக்கணக்கில் உலர வேண்டும். அவசரப்பட்டால் செதுக்கிய பிறகு வெடிக்கும். கருத்து, ரேகை ஓடிய வேர்ப்பகுதிக்குத்தான் அதிக மவுசு.

ஆனால் அந்த இயந்திரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் அதன் முனை இதழுக்கு அடியில் நுழையாது. இலைக்குக் கீழே இலை, அதற்கும் கீழே கொடி என்று அடுக்கடுக்காகக் குடைய கைதான் வேண்டும். வீட்டு அளவைச் சொல்லி, இப்படிக் குடைந்த கட்டிலோ தடுப்புத் தட்டியோ கேட்பவர் நக்காஷிடம்தான் வந்தாக வேண்டும்.

யுனெஸ்கோ 2021-ல் ஸ்ரீநகரைக் கைவினை நகரமாக அங்கீகரித்தது. கெளரவம்தான், ஆனால் பட்டறைக்குத் தேவை ஆர்டர். கைவேலை என்று விற்கப்படும் பொருளை வாங்குபவர் ஒரு காரியம் செய்யலாம்: பூவிதழின் அடியில் விரல் நுனியை விட்டுப் பார்க்கலாம்.