யோகாசன வகுப்பும் விசுவாசியின் மனச்சான்றும்

“ஐயா, முழங்கால் வலிக்காக யோகாசனம் பயிலுகிறேன். நான் திருவிருந்தில் பங்குபெறலாமா?” எனச் சபையின் மூதாட்டி ஒருவர் என்னை வினவினார். காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் தகாது எனக் கருதி, மறுநாட்காலை அவருடன் அவ்வகுப்பிற்குச் சென்றேன்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திற்கு அண்மையிலுள்ள தெருவொன்றில், மாடியறையில் அது நடைபெறுகிறது. கீழே திருவரங்கம் செல்லும் பேருந்துகளின் ஓசை. மேலே பாய்விரித்து அமர்ந்த பன்னிருவர். ஆசிரியர் மும்முறை ஓங்காரம் ஒலித்துத் தொடங்கினார். சூரிய நமஸ்காரம், புஜங்காசனம், நாடிசுத்தி என்னும் மூச்சுப்பயிற்சி, இறுதியில் சவாசனம் என ஒரு மணி நேரம் கடந்தது. மூதாட்டியை மட்டும் நாற்காலியில் அமர்த்தி, காலை மெல்ல நீட்டி நிறுத்தச் செய்தார்.

நாம் கண்டது யாது? பதஞ்சலியின் யோகசூத்திரமும் திருமூலரின் திருமந்திரமும் யோகத்திற்கு எட்டு உறுப்புகளை உரைக்கின்றன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. இத்தகைய வகுப்புகளில் பயிலப்படுவன பெரும்பாலும் மூன்றாவதும் நான்காவதுமே. மேலும், இன்றைய வகுப்புமுறை பெரிதும் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். ஐக்கிய நாடுகள் அவை 2014இல் சூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா நாளாக அறிவித்தபின் அது மேலும் பரவிற்று. எனவே இதனை முற்றிலும் பண்டைய வழிபாடு என்பதும் பொருந்தாது. வெறும் உடற்பயிற்சி என்பதும் பொருந்தாது. ஓங்காரமும் சூரியனுக்குரிய வணக்கமும் அங்கு இருக்கின்றன அன்றோ?

திருச்சியிலிருந்து காவிரிக்கரையோடு மேற்கே சென்றால், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் உள்ளது. மோன்சானின், லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் 1950இல் அதனை நிறுவினர். இந்தியத் தியானமரபைக் கிறிஸ்தவ வேண்டுதலோடு இணைத்துக் காண அவர்கள் நீண்டகாலம் கற்றனர். நம் மூதாட்டியோ முழங்கால் வலியோடு சென்றவர். இருவகையினருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

கொரிந்து சபையில் எழுந்த விக்கிரகப் படையல் வினாவிற்குப் பவுல் ஒற்றைச் சொல்லில் விடை தரவில்லை. உணவை ஒன்றாகவும், விக்கிரகப் பந்தியில் பங்குபெறுதலை வேறொன்றாகவும், பலவீனனான சகோதரனின் மனச்சான்றைப் பிறிதொன்றாகவும் நோக்கினார். நாமும் மூன்று வினாக்களை எழுப்பலாம்: உடல் செய்வது யாது? நா சொல்வது யாது? உள்ளம் தன்னை யாருக்கு ஒப்புக்கொடுக்கிறது?

வகுப்பு முடிந்ததும் மூதாட்டி தம் தயக்கத்தை ஆசிரியரிடம் கூறினார். “மந்திரம் சொல்ல வேண்டாம் அம்மா, மூச்சைக் கவனித்தால் போதும்” என்றார் அவர். படியிறங்குகையில், தாம் இரண்டு மாதங்களாகத் திருவிருந்துக்கு வரவில்லை என மூதாட்டி சொன்னார். முழந்தாளிட முடியாமையால் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்றே நான் எண்ணியிருந்தேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் நின்றபடியே திருவிருந்தில் பங்குபெற்றார். யோகத்தைப் பற்றி நாம் இன்னும் கற்க வேண்டியவை பல. அதற்கு முன், பின்வரிசையில் இருப்போரிடம் சென்று அமரக் கற்போமாக.