பழைய கொள்ளிடத்து முதலைகளும் உழவர்கள் அறிய வேண்டிய சட்ட விதிகளும்

கடலூர் மாவட்டம் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டங்களில் பழைய கொள்ளிடம் ஆற்றையொட்டி வாழும் விவசாயிகளுக்கு முதலை புதிய பிராணியன்று. வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர், வல்லம்படுகை முதலிய கிராமங்களில் ஆற்றில் குளிக்கச் சென்றவர்களும், மாடு கழுவச் சென்றவர்களும், அக்கரையில் புல் அறுக்க நீரில் இறங்கிக் கடந்தவர்களும் முதலையிடம் சிக்கியதுண்டு. உயிரிழந்தவர்களும் உண்டு. ஆடு, மாடுகளின் இழப்பும் அவ்வப்போது நேர்கிறது. "இந்த முதலைகளைச் சுட்டுக் கொல்ல அனுமதி பெற முடியாதா? நாங்களே பிடித்து அப்புறப்படுத்தினால் என்ன?" என்று விவசாயிகள் கேட்பது இயல்பே. இதில் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, உயிரையும் கால்நடையையும் காத்துக்கொள்ளும் வழிகள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்த வகை முதலை?

இந்தியாவில் மூன்று வகை முதலைகள் உள்ளன. அவை நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, வட இந்திய ஆறுகளில் மீன் தின்று வாழும் நீண்ட மூக்குடைய கரியால் ஆகியன. பழைய கொள்ளிடத்தில் காணப்படுவது சதுப்புநில முதலையாகும். நன்கு வளர்ந்த ஆண் முதலை 4 மீட்டருக்கு மேலும் நீளமிருக்கும். மீன், தவளை, நண்டு, பாம்பு, நீர்ப்பறவை ஆகியவை இதன் வழக்கமான இரை. பெரிய முதலைகள் கரைக்கு வரும் ஆடு, நாய், கன்று முதலியவற்றையும் பிடிக்கும்.

முதலை குளிர் இரத்தப் பிராணி. அதன் உடல் சூடு வெயிலைப் பொறுத்தது. எனவேதான் காலை வெயிலில் கரைமேலும் மணல் திட்டிலும் அசையாமல் படுத்துக் கிடக்கிறது. மாலை மயங்கியபின் இரை தேடுகிறது. கோடையில் நீர் வற்றும்போது ஆழமான மடுக்களில் ஒதுங்கும். கரையில் வளை தோண்டியும் பதுங்கும். தரையில் நடந்தே வேறு நீர்நிலைக்குச் செல்லவும் அதனால் இயலும். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது வாய்க்கால் வழியாக வயலுக்கும், ஊர்க் குளத்துக்கும், வீட்டுக் கொல்லைக்கும் வந்துவிடுவது இதனால்தான்.

மாசி, பங்குனி மாதங்கள் முட்டையிடும் பருவம். நீருக்கு அருகில் சரிவான கரையில் பெண் முதலை குழி தோண்டிச் சுமார் 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மண்ணால் மூடிவிடும். இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். அதுவரை தாய் அருகிலேயே காவல் இருக்கும். இப்பருவத்தில் அக்கரைப் பக்கம் செல்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அனுமதி உண்டே?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அரசு உரிமம் பெற்று முதலை வேட்டையாடுவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்குள்ளது 'அலிகேட்டர்' எனப்படும் வேறு இனம். தோலுக்காகக் கணக்கின்றிக் கொல்லப்பட்டதால் அதுவும் அருகிப்போய், 1967-ல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. லூசியானா மாநிலத்தில் 1962-ல் வேட்டையே நிறுத்தப்பட்டது. எண்ணிக்கை பெருகிய பிறகு 1972-ல் கட்டுப்பாட்டுடன் மீண்டும் தொடங்கியது. இனம் மீண்டுவிட்டதாக 1987-ல் அறிவிக்கப்பட்டது.

புளோரிடா மாநிலத்தில் பொது நீர்நிலைகளில் வேட்டையாட விரும்புவோர் முன்கூட்டியே மனுச் செய்து, குலுக்கலில் தேர்வாக வேண்டும். அனுமதி பெற்றவருக்கு இரண்டு அடையாள வில்லைகள் தரப்படும். ஒரு வில்லைக்கு ஒரு முதலை என்பது கணக்கு. குறித்த நீர்நிலையில், குறித்த வாரங்களில் மட்டுமே வேட்டை நடக்கும். கொன்றவுடன் வில்லையை அதன் உடலில் பூட்டி, அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு அபாயம் விளைவிக்கும் முதலையை அகற்ற அரசு அமர்த்திய தனி வேட்டைக்காரர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் அடிப்படை, அங்கே அந்த இனம் பல லட்சக்கணக்கில் இருப்பதாகும். சதுப்புநில முதலையோ, உலகம் முழுவதிலும் சேர்த்து வளர்ந்தவை சில ஆயிரங்களே எஞ்சியுள்ளன. ஆகவே அமெரிக்க முறை இங்குப் பொருந்தாது.

இந்தியச் சட்டம் சொல்வது

தோல் வாணிபத்தால் இந்தியாவிலும் முதலைகள் அழியும் நிலைக்கு வந்தன. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1975-ல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறை முதலைகளை வளர்த்தது. 1976-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தோன்றியது.

சதுப்புநில முதலை இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பிராணிகள் அடங்கியது இந்த அட்டவணை. சட்டத்தின் 9-ஆம் பிரிவு இவற்றை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது.

'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளை விவசாயிகள் நன்கு கவனிக்க வேண்டும். கொல்வது மட்டுமே வேட்டையென்று கருதிவிடக் கூடாது. காயப்படுத்துதல், விஷம் வைத்தல், கண்ணி அல்லது பொறி வைத்தல், இரை காட்டி இழுத்தல், பிடித்தல், விரட்டுதல் ஆகிய அனைத்தும் வேட்டையே. முயன்றாலும் குற்றமே. முட்டைகளைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட இதில் அடங்கும். பொது ஆறு, ஏரி என்றில்லை. சொந்தக் குளத்திலோ வயலிலோ முதலை புகுந்தாலும் விதி ஒன்றுதான்.

முதல் அட்டவணைப் பிராணி தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் சேரும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்த அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அத்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைப்பவருக்கு இத்தகைய வழக்கு குடும்பத்தையே நிலைகுலையச் செய்துவிடும்.

அனுமதி யார் தர முடியும்?

சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதற்கு வழி வகுக்கிறது. ஒரு முதலை மனித உயிருக்கு அபாயமாகிவிட்டது என்று மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணம் காட்டி எழுத்து மூலம் ஆணையிடலாம். ஆனால் அதைப் பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ இயலாது என்று அவர் திருப்தியடைந்த பின்னரே கொல்ல ஆணையிட முடியும். எனவே நடைமுறையில் பிடித்து மாற்றுவதே முதல் வழி. தாசில்தாரோ, ஊராட்சித் தலைவரோ, காவல் நிலையமோ இந்த அனுமதியைத் தர இயலாது.

மற்றொரு விதியும் உண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பதற்காக, நல்லெண்ணத்துடன், முதலையைத் தாக்கவோ கொல்லவோ நேர்ந்தால் அது குற்றமாகாது. காலைப் பற்றிய முதலையைக் கட்டையால் அடித்து ஒருவரை மீட்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சட்டவிரோதமாக முதலையைப் பிடிக்கச் சென்ற இடத்தில் அவ்வாறு நேர்ந்தால் இப்பாதுகாப்பு கிடைக்காது. தற்காப்பில் இறந்த முதலை அரசின் சொத்து. தோலையோ, பல்லையோ, இறைச்சியையோ எடுக்கக் கூடாது. உடனே வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்துவிட வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தாமதிப்பது கூடாது.

பயிரைக் காப்பதற்கோ, கால்நடையைக் காப்பதற்கோ முதலையைக் கொல்ல இச்சட்டம் இடம் தரவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் முதலை வந்தால்

வனத்துறையினர் இப்பகுதியில் பிடிபடும் முதலைகளை வக்காரமாரி குளத்தில் விட்டு வருகின்றனர். ஊருக்குள்ளோ வயலிலோ முதலையைக் கண்டால் சிதம்பரம் வனச்சரக அலுவலகத்துக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். அவர்கள் வரும்வரை கூட்டம் கூடாமல், கல்லெறியாமல், நாய்களைக் கட்டிப் போட்டு, தொலைவில் நின்று அது போகும் திசையைக் கவனித்தால் போதும். முதலை குறுகிய தூரத்துக்கு மிக வேகமாகப் பாயும், வாலாலும் அடிக்கும். இளைஞர்கள் கயிற்றுடன் தாமே இறங்குவது ஆபத்து. அனுமதியின்றிப் பிடிப்பது சட்டத்துக்கும் மாறானது. உதவ விரும்புவோர் வனப் பணியாளர் வந்தபின் அவர்கள் சொல்படி உதவலாம்.

பிடித்து மாற்றுவதால் மட்டும் தொல்லை தீர்ந்துவிடாது. ஆறு, வாய்க்கால், குளம் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒரு முதலை அகன்ற மடுவுக்கு மற்றொன்று வந்து சேரும். இப்பகுதியில் முதலைப் பண்ணை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. பண்ணை அமைந்தாலும் ஆற்றில் உள்ளவை அனைத்தையும் அடைத்துவிட முடியாது. ஆகவே துறையைப் பாதுகாப்பாக்குவதே நிலையான வழி.

உயிர் காக்கும் முறைகள்

1. மாலை மயங்கியது முதல் பொழுது நன்கு விடியும்வரை ஆற்றில் இறங்கலாகாது. பகலிலும் கலங்கிய நீரில் தனியே இறங்கக் கூடாது.

2. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குனிந்து துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும் ஆபத்து. முதலை அதைக் கவனித்து வைத்துக் காத்திருக்கும். குடத்தில் நீர் மொண்டு, கரையிலிருந்து சில மீட்டர் தள்ளி வேலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

3. கால்நடைகளை ஆற்றில் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். ஆழ்குழாய் மோட்டார் உள்ளவர்கள் அதனருகிலேயே தொட்டி கட்டிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பொதுத் தொட்டி ஒன்று கேட்டுப் பெறலாம்.

4. செத்த கோழி, மீன் கழிவு, இறைச்சிக் கழிவு ஆகியவற்றை ஆற்றில் எறிவது முதலையைத் துறைக்கு அழைப்பதாகும். இவற்றைக் குழியிலிட்டு மூட வேண்டும்.

5. துறையின் இருபுறமும் மண்டிய நாணலையும் கருவேலம் புதரையும் வெட்டி, பார்வைக்குத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். கரைச் சேற்றில் வயிறு இழுபட்ட தடமும், நடுவில் வால் கோடும் தெரிந்தால் அங்கு முதலை ஏறி இறங்குகிறது என்று அறியலாம்.

6. புல் அறுக்கவோ சாகுபடிக்கோ அக்கரை செல்பவர்கள் சுற்றானாலும் பாலத்தின் வழியே, அல்லது படகில் செல்ல வேண்டும். நீந்திக் கடப்பது கூடவே கூடாது.

7. மீன் வலையில் முதலை சிக்கினால் வலையை இழுக்காமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பதும், திருட்டு மின்வேலி போடுவதும் முதலையோடு மனிதனையும் கொல்லும்.

இலங்கையில் மாத்தறைப் பகுதியின் நில்வளா ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள் மூன்று பக்கமும் கழிகளை நெருக்கமாக நட்டு அடைப்பு கட்டிக்கொள்கின்றனர். ஒடிசாவின் பிதார்கனிகா பகுதியிலும் இத்தகைய தடுப்புகள் உண்டு. ஊருக்கு ஓரிரு துறைகளைத் தேர்ந்து, இரும்பு வலைச் சட்டத்தால் இவ்வாறு அடைத்துத் தருமாறு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி வனத்துறைக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் அனுப்பலாம். வெள்ளத்துக்குப் பின் ஆண்டுதோறும் அடைப்பைச் சோதித்துப் பழுது பார்ப்பது அவசியம். பழுதான அடைப்பு இல்லாததைவிட ஆபத்தானது.

கடிபட்டால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. முதலையின் வாயிலுள்ள கிருமிகளால் சிறு காயமும் சீழ் பிடிக்கும். பச்சிலை, சுண்ணாம்பு முதலியன வைத்துக் கட்டிக் காலங்கடத்தக் கூடாது. தடுப்பூசியும் உரிய மருந்தும் இன்றியமையாதவை.

உயிரிழப்புக்கும் காயத்துக்கும் கால்நடை இழப்புக்கும் அரசு நிவாரணம் கோரி வனத்துறையிடம் மனுச் செய்யலாம். மாடோ ஆடோ இறந்தால், பார்வையிடும் முன் உடலை அகற்றாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, இயன்றால் புகைப்படம் ஆகியவை மனுவுக்கு வலுச் சேர்க்கும். ஆளுக்கு ஆபத்து நேர்ந்தால் மருத்துவமனைச் சீட்டுகளையும் காவல் நிலையப் பதிவின் நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். காலம் கடந்த மனுவில் முதலையால் நேர்ந்த இழப்பு என்று மெய்ப்பிப்பது கடினம்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் துறையைச் சீர்செய்து, வனச்சரக அலுவலகத் தொலைபேசி எண்ணைப் பொது இடத்தில் எழுதி வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லி வைப்பது நலம்.